யாருடைய குடலில் வளர்கிறது?

இறம்பொடையில் தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே தண்ணீரைத்தான். நூறு மீற்றருக்கு மேல் விழுகிற அருவி, வளைவுக்கு வளைவு பாறையில் கசிகிற ஊற்று, கீழே விரிந்து கிடக்கிற கொத்மலை நீர்த்தேக்கம். அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மேட்டு லயத்துக்குக் குடிதண்ணீர் எப்படி வருகிறது என்பது தெரியவேண்டிய அவசியமில்லை. ஊற்றுக்கண்ணில் ஒரு சீமெந்துத் தொட்டி. அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் தேயிலைக்குள்ளால் இறங்கி, லயத்தின் தொங்கலில் பீலியாக விழும். பொருத்தில் ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு மேலே உரம் போட்ட மலை. அதற்கும் மேலே இன்னொரு லயம், அதன் கக்கூஸ், அதிலிருந்து இறங்கும் கான். அடைமழை தொடங்கினால் பீலி கலங்கும். சில நாளில் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் குறையும்.

"வயித்தால போவுதுங்க ஐயா, நேத்து ராத்திரிலேருந்து நிக்கவே இல்ல." மருந்துக் காம்பராவில் தாய் இப்படிச் சொன்னால் ஜீவனிப் பைக்கற்று கிடைக்கும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கச் சொல்வார்கள். சரியான வைத்தியம்தான். வயிறு கழியும்போதும் குளுக்கோசோடு சேர்ந்து வரும் உப்பைக் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்ற ஒரேயொரு உண்மையின் மேல் நிற்கிற மருந்து அது. உலகம் முழுவதும் எத்தனையோ இலட்சம் பிள்ளைகளை அது காப்பாற்றியிருக்கிறது. பிறகு பதிவேட்டில் பெயர், வயது, 'வயிற்றோட்டம்' என்று எழுதியதோடு காரியம் முடிந்தது. எந்தக் கிருமி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கொடுக்கிற மருந்து மாறப்போவதில்லை என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மலைத் தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து கடக்கிற கம்பளையில் 2007ஆம் ஆண்டு ஏ வகை ஈரல் அழற்சி பரவி நூற்றுக்கணக்கானோர் செங்கமாரியில் விழுந்தபோது, கிருமியின் பெயர் கேட்கப்பட்டது, சொல்லவும்பட்டது. நகரத்துக்கு இறங்கினால் நோய்க்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

தோட்டத்துப் பிள்ளையின் மலத்துக்கு இராச மரியாதை கிடைக்கிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டுபோனால், எந்தக் காரணமாயிருந்தாலும், அது போலியோவா என்று பார்த்தே ஆகவேண்டும். கால் விழுந்து இரண்டு கிழமைக்குள், ஒரு நாள் இடைவெளியாவது விட்டு இரண்டு தடவை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ ஒழிந்த பகுதி என்று 2014 மார்ச்சில் சான்றிதழும் பெற்றாயிற்று. ஆனாலும் அந்த ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது உலகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

கொழும்பில் அந்த மலத்துக்கு என்ன நடக்கிறது? முதலில் குளோரபோம் கலந்து குலுக்குவார்கள். பக்டீரியாவும் பூஞ்சணமும் செத்துவிடும், போலியோ வகை வைரஸ் தாக்குப்பிடிக்கும். தெளிந்த நீரை மட்டும் எடுத்து, உயிருள்ள கலங்கள் வளர்கிற குழாய்களில் விடுவார்கள். வைரஸை வளர்ப்பதிலுள்ள சங்கடமே இதுதான். பக்டீரியாவுக்குக் கிண்ணத்தில் ஊன்சாறும் அகாரும் போதும், தானே பெருகிக்கொள்ளும். வைரஸுக்குத் தன் வேலையைச் செய்ய இன்னோர் உயிரின் கலம் வேண்டும். குழாயின் உட்சுவரில் அந்தக் கலங்கள் நெருக்கமாக ஒட்டி ஒரே படலமாகப் படிந்திருக்கும். மேலே இளஞ்சிவப்புத் திரவம், வெளியே 36 பாகை வெப்பம். ஒவ்வொரு நாளும் ஒருவர் நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்ப்பார். முதல் நாள் ஒன்றுமிருக்காது. பிறகு ஓர் ஓரத்தில் நாலைந்து கலங்கள் நீட்சி சுருங்கி உருண்டையாகும், பளபளக்கும், சுவரைவிட்டு விலகும். மறுநாள் படலத்தில் ஓட்டை. அடுத்த நாள் எல்லாம் கழன்று மிதக்கும். ஐந்து நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் அந்த நீரைப் புதிய குழாய்க்கு மாற்றி இன்னும் ஐந்து நாள் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதலாம்.

அந்தக் கலங்கள் யாருடையவை என்று கேட்டால் வேறொரு கதை திறக்கிறது. ஆர்.டி. என்று அழைக்கப்படும் வகை, தசையில் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கட்டியிலிருந்து வந்தது, 1969இல் அமெரிக்காவில் வெளியானது. அதன் துணைக்கு வைக்கிற எல்.20.பி. என்பது சுண்டெலியின் கலம். மனிதக் கலத்தில் போலியோ பற்றிக்கொள்ளும் பிடியை மட்டும் அதற்குள் புகுத்தியிருக்கிறார்கள். எனவே இரண்டிலும் கலங்கள் செத்தால் போலியோவாக இருக்கலாம், ஆர்.டி.யில் மட்டும் செத்தால் பெரும்பாலும் அதன் உறவுக்கார வைரஸ்களில் ஒன்று. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வெரோ என்று பேர்போன இன்னொரு வகை, 1962இல் ஜப்பானில் ஓர் ஆபிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025ஆம் இலக்க வீ.பி. தேயிலையைத் தெரிந்தவர்களுக்கு, ஒரு சிறுமியின் கலம் எங்கெங்கோ பரவுவது எப்படி என்று விளங்கும். ஒரு தாய்ச்செடி. அதிலிருந்து ஓர் இலையும் துண்டுத் தண்டுமாக வெட்டித் தவறணையில் நட்டு, வேர்விட்டதை மலையில் வைக்க, அதிலிருந்து இன்னும் வெட்ட, இன்றைக்கு மலை மலையாக நிற்பது அந்த ஒரே செடிதான். அந்தச் சிறுமியும் அப்படியே எத்தனையோ நாட்டு ஆய்வுகூடங்களில் பரந்து நிற்கிறாள். வசதி இருக்கிறது, எங்கே செய்தாலும் ஒரே முடிவு வரும். ஆனால் வீ.பி. மலையை வைத்துக்கொண்டு காட்டைப் பற்றிப் பேச முடியாது என்பதையும் தோட்டத்தில் யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

குடல் வைரஸ்களின் வரலாற்றில் ஆய்வுகூடம் இப்படித் தன் வசதியை நம்பி ஏமாந்த கதைகள் நிறைய. போலியோவை நரம்பு நோய் என்றே உலகம் வெகுகாலம் நினைத்தது. 1936இல் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் மனிதக் கருவின் திசுக்களில் அதை வளர்த்துப் பார்த்தபோது நரம்புத் திசுவில் மட்டும்தான் வளர்ந்தது. அத்தோடு சரி என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். உண்மையில் அவர்கள் கையிலிருந்த வைரஸ் குரங்கு மூளையிலிருந்து குரங்கு மூளைக்கு மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு, நரம்பைத் தவிர வேறெதையும் மறந்துபோயிருந்தது. 1949இல் பொஸ்டனில் ஜோன் எண்டர்ஸ், தோமஸ் வெல்லர், பிரெடெரிக் ரொபின்ஸ் ஆகிய மூவரும் வேறொரு வகை வைரஸை எடுத்துத் தோல், தசை, குடல் என்று நரம்பல்லாத திசுக்களில் வளர்த்துக் காட்டினார்கள். அது குடலில் குடியிருக்கிற வைரஸ், நரம்புக்குப் போவது எப்போதாவது நடக்கிற விபத்து என்பது அதன் பிறகே ஊன்றியது. 1954இல் மூவருக்கும் நோபல் பரிசு. தடுப்புமருந்துக்கான கதவும் அங்கேதான் திறந்தது.

கதவு திறந்ததும் கலம் தேவைப்பட்டது, டன் கணக்கில். அன்றைக்கு அதைக் கொடுத்தவை குரங்குகளின் சிறுநீரகங்கள். 1950களில் வட இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகளை ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். 1955இல் இலண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறிச் செத்தபோது நேருவின் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது, சீக்கிரத்திலேயே நிபந்தனையோடு மறுபடி விட்டது. முற்றாகத் தடைசெய்தது 1978இல், மொரார்ஜி தேசாயின் காலத்தில். நாங்கள் கலைத்துவிட்ட குரங்கு மறுபடி கூரையேறினால் கல்லெறிகிறோம், இறம்பொடை மலையில் அனுமனுக்குக் கோயிலும் கட்டி வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் வாயில் விழுந்த சொட்டு மருந்துக்குப் பின்னால் அந்த இனம் கொடுத்த விலையை எந்த அர்ச்சனையிலும் சொல்லக் கேட்டதில்லை.

ரோட்டா வைரஸை வளர்க்கப் போனவர்களுக்கு வேறு பாடம் காத்திருந்தது. 1973இல் மெல்பேர்னில் ரூத் பிஷப்பும் தோழர்களும் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளின் குடல் திசுவில் அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கண்டுபிடித்தார்கள். மலத்தில் கோடி கோடியாக வெளியேறுகிற வைரஸ், குடுவையில் போட்டால் அசையவில்லை. திரிப்சினைச் சேர்த்தபோதுதான் வழி பிறந்தது. திரிப்சின் என்பது சோற்றிலும் பருப்பிலுமுள்ள புரதத்தை நறுக்க நம் கணையம் குடலுக்குள் விடுகிற நொதியம். ரோட்டாவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளை அந்த நொதியம் வெட்டிவிட்ட பிறகுதான் அதனால் கலத்துக்குள் நுழைய முடிகிறது. நம்மைச் சீரணிக்கவைக்கிற சாற்றையே வைரஸ் தன் திறப்பாக வைத்திருக்கிறது. குடுவையில் கலங்களுக்குச் சத்தாக ஊற்றுகிற கன்றின் இரத்தநீர் திரிப்சினை முடக்கிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் கலத்துக்குச் செய்துகொண்டிருந்த உபகாரத்தை நிறுத்தினால்தான் வைரஸ் வளரும் என்றாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதம் பிடித்தது நோரோ வைரஸ். 1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நோர்வாக் என்ற ஊரின் பாடசாலையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாந்தியெடுத்து விழுந்தார்கள். 1972இல் ஆல்பர்ட் கபிகியான் அந்த வைரஸைக் கண்ணால் காட்டினார். அதன் பிறகு உலகத்திலுள்ள கல வகைகளிலெல்லாம் முயன்று பார்த்தார்கள். குரங்கு, பன்றி, மனிதன், புற்றுநோய்க் குடல் என்று எதிலும் நிற்கவில்லை. பதினெட்டே பதினெட்டுத் துணிக்கைகள் வயிற்றுக்குள் போனால் போதும், ஆளைப் படுக்கவைத்துவிடும் என்று ஒரு கணக்குச் சொல்லுகிற வைரஸ் இது. குடுவைக்குள் மட்டும் வெறும் தூசாகக் கிடந்தது. 2014இல் நிணநீர்க் கலங்களில் கொஞ்சம் பெருகியதாக ஓர் அறிக்கை வந்தது. குடற்கலத்திலேயே அதை வளர்த்துக் காட்டியது 2016இல், ஹூஸ்டனிலுள்ள பேலர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸின் குழு.

அவர்கள் செய்ததைச் சற்று நின்று பார்க்கலாம். நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுகூடம் 2009இல் ஒரு வழி கண்டிருந்தது. குடலின் உட்சுவரில் மடிப்புகளின் அடியிலுள்ள குருத்துக்கலங்களைப் பிரித்து ஒரு களியில் பதித்து, வேண்டிய சமிக்ஞைகளைக் கொடுத்தால் அவை தாமாகவே பெருகிக் குட்டிக் குடலாக உருண்டுகொள்ளும். உறிஞ்சுகிற கலம், சளி சுரக்கிற கலம் எல்லாம் அதில் தத்தம் இடத்தில் வந்துசேரும். எஸ்டெஸின் குழு அந்த உருண்டைகளைப் பிரித்துத் தட்டையாக விரித்து, முதிரவிட்டு, மலத்திலிருந்து வடித்த வைரஸை விட்டது. அப்போதும் சில வகைகள் வளரவில்லை. பித்தநீரைச் சேர்த்தார்கள். வளர்ந்தது. ஈரல் சுரந்து பித்தப்பையில் தேங்கி, சாப்பாட்டுக்குப் பின் சிறுகுடலுக்குள் வந்து விழுகிற அந்தக் கசப்பு நீர் இல்லாமல் இத்தனை காலம் ஆய்வுகூடம் இந்த வைரஸை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது! இன்னொன்றும் தெளிவானது. கலங்களின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையை ஆக்குகிற மரபணு சிலருக்கு வேலை செய்வதில்லை. அப்படிப்பட்டவரின் குடலிலிருந்து வளர்த்த கலத்தில், உலகெங்கும் அதிகம் பரவுகிற நோரோ வகை பற்றவேயில்லை. ஆளுக்கு ஆள் குடல் வேறு என்பதைக் கிண்ணமே சொல்லிவிட்டது.

அந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சசிரேகா ரமணி என்ற பெயர் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கின் கீழ் ஆய்வு செய்துவிட்டுப் போனவர். வேலூரில் பிறந்த குழந்தைகளின் வார்டுகளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விசித்திர ரோட்டா வகை ஏன் பச்சிளங் குழந்தைகளையே பிடிக்கிறது என்பதைத் தேடியவர். குழந்தை வளர வளரக் குடற்கலத்தின் சர்க்கரைச் சங்கிலி கிளைவிட்டு மாறுகிறது, அந்த வைரஸோ கிளைவிடாத இளம் சங்கிலியைத்தான் பிடிக்கிறது என்று அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஒரே ஆளின் குடல்கூட வயதுக்கு வயது வேறு நிலம்.

இங்கே எனக்கு ஓர் உறுத்தல். ஹூஸ்டனில் நோரோவுக்கு இடம் கொடுத்த சிறுகுடல் கலங்களில் முக்கியமானவை, உடற்பருமனைக் குறைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் திசுவிலிருந்து வளர்க்கப்பட்டவை. அதில் தவறொன்றுமில்லை, அங்கே கிடைப்பது அதுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: கூடுதலாகச் சாப்பிட்டதால் கத்திக்குப் போன ஒரு பெரியவரின் குடலும், ரொட்டியும் தேத்தண்ணியுமாகக் காலையைக் கழிக்கிற ஒன்றரை வயதுப் பிள்ளையின் குடலும் ஒன்றா? நாளைக்கு யாராவது ஒரு நல்ல மனிதர் இறம்பொடைப் பிள்ளையின் குடற்கலத்தையே எடுத்து வளர்த்தாலும், மரபணு மட்டும்தான் கிண்ணத்துக்குள் வரும். கலங்கிய பீலியும், மாதத்துக்கொரு தடவை வந்துபோகிற கழிச்சலும், புழுவும் வரமாட்டா.

வராதவைதான் காரியத்தைக் கெடுக்கின்றன என்பதற்கு வேலூரே சாட்சி. அங்கே சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த பிள்ளைகளை, 373 பேரை, மூன்று வயது வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த இடம். 2011இல் வந்த முடிவு பலரைத் திடுக்கிடவைத்தது. மெக்சிக்கோவில் இரண்டு தடவை ரோட்டா தொற்றிய பிள்ளைக்குப் பிறகு கடும் வயிற்றோட்டம் வரவே இல்லை என்று முன்பு கண்டிருந்தார்கள். வேலூரிலோ மூன்று தடவை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 வீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே முதல் தொற்று வந்து முடிந்திருந்தது.

தடுப்புமருந்தும் அதே பாட்டைத்தான் பாடியது. பணக்கார நாடுகளில் கடும் ரோட்டாவை ஏறக்குறைய முழுதாகத் தடுத்த மருந்து, மலாவியில் பாதியைத்தான் தடுத்தது. டில்லி மருத்துவமனையொன்றில் 1980களில், நோய்க்குறி ஏதுமில்லாத பச்சிளங் குழந்தைகளிடமிருந்து எடுத்த 116இ என்ற வைரஸை வெரோ கலத்தில் வளர்த்து இந்தியா தன் சொந்த மருந்தைச் செய்தது. மகாராஜ் கிஷன் பான் அதற்காக ஆயுளையே கொடுத்தார் எனலாம். டில்லி, புனே, வேலூர் மூன்றிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்து 2014இல் வெளியிட்டபோது பலன் பாதிக்குச் சற்று மேல். அந்தப் பாதியும் ஆயிரக்கணக்கான உயிர்கள் என்பதால் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தார்கள். மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

போலியோ சொட்டிலும் இந்தக் குறை இருந்தது. ஐரோப்பாவில் மூன்று சொட்டில் கிடைத்த பலன் இங்கே கிடைப்பதில்லை என்று வேலூரில் ஜேக்கப் ஜான் 1970களிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நெடுங்காலம் எடுத்தது. குடலிலுள்ள பக்டீரியாக்கள்தான் தடையோ என்று சந்தேகித்து, சொட்டுக்கு முன்னால் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வும் அதே வேலூரில் நடந்தது, 2016இல் வெளிவந்தது. பக்டீரியா குறைந்தது. மருந்தின் பலன் கூடவில்லை. அந்த நேரத்தில் குடலில் வேறு குடல் வைரஸ்களைச் சுமந்துகொண்டிருந்த குழந்தைகளிடம்தான் சொட்டு மருந்து பிடிக்காமல் போனது. தடுப்புமருந்து உயிருள்ள வைரஸ். அது பெருகிப் பழக்கினால்தான் உடல் படித்துக்கொள்ளும். போய் இறங்குகிற இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அது எங்கே குந்தும்?

தோட்டக் குடல்களை ஆராயவந்தவர்கள் முன்பும் உண்டு. 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் ஆட்கள் கொக்கிப்புழு ஒழிப்புக்காக இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மாத்தளைப் பக்கம் தொடங்கி லயம் லயமாக மலம் சேர்த்துச் சோதித்தார்கள், கினோபோடியம் எண்ணெயைக் குடிக்கவைத்தார்கள். புழு விழுந்தது. துரைமாருக்கு அக்கறை இரத்தசோகை பிடித்த ஆள் கொழுந்து குறைவாக எடுப்பதில் இருந்தது. கக்கூஸ் கட்டுவதற்குக் காசு என்றதும் அந்த அக்கறை மெலிந்தது. கக்கூஸ் இல்லாத மலையில் புழு மறுபடி காலில் ஏறியது. நூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கணக்கை நான் நினைவுபடுத்துவது யாரையும் திட்டுவதற்காக அல்ல. மருந்து ஒரு பக்கம், தண்ணீரும் கழிவும் இன்னொரு பக்கம் என்று பிரித்து, முதலாவதை மட்டும் செய்துவிட்டுப் போகிற பழக்கம் இன்றும் அப்படியே இருப்பதால் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். சாப்பாடு போதாது என்பது முதற் காரணம், அதில் தர்க்கமில்லை. ஆனால் ஓயாத தொற்றால் குடலின் விரல் போன்ற நீட்சிகள் தேய்ந்து, உண்ட சத்தே உள்ளே போகாமல் கசிகிற நிலையும் ஒரு பங்கு என்று பலர் சொல்கிறார்கள். அப்படியானால் தண்ணீரையும் கழிப்பறையையும் திருத்தினால் பிள்ளை வளருமா? பங்களாதேஷிலும் கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் பெரிய ஆய்வுகள் நடந்து 2018, 2019இல் முடிவு வந்தது. திருத்திய கழிப்பறை, கைகழுவ ஒரு தொட்டி, தண்ணீரில் போடக் குளோரின். பங்களாதேஷில் வயிற்றோட்டம் குறைந்தது. உயரமோ எங்குமே கூடவில்லை. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, கக்கூஸ் கட்டிப் பிரயோசனமில்லை' என்று சொல்ல ஆள் வரும். ஆய்வு செய்தவர்களில் பலர் எடுத்த அர்த்தம் வேறு. அரைகுறைத் திருத்தம் போதாது, கிருமி நுழைகிற எல்லா வழிகளையும் அடைக்கிற அளவுக்குப் பெரிய மாற்றம் வேண்டும் என்றார்கள்.

எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. நோரோவை வளர்த்த கதையிலும் இதுதான் இருக்கிறது. ஒன்றிரண்டு சாமானை மாற்றிப் பார்த்தபோதெல்லாம் அது அசையவில்லை, குடலை ஏறக்குறைய முழுதாகக் கொண்டுவந்து வைத்தபோதுதான் பெருகியது. வைரஸுக்கு முழுக் குடல் தேவைப்பட்டதென்றால் அதைத் தடுக்க நினைக்கிறவர்களுக்கும் முழு வாழ்க்கை கண்ணில் படவேண்டும். லயத்துத் தொங்கலில் ஒரு பெயர்ப்பலகையோடு கட்டிக் கொடுக்கிற கக்கூஸ் வரிசையைத் திறப்புவிழாவுக்கு மேல் நான் நம்புவதில்லை. குடும்பத்துக்கொரு கழிப்பறையும், மூடிய குழாயில், குளோரின் போட்டு, காம்பராவுக்குள் வந்து விழுகிற தண்ணீரும் வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் அபிவிருத்தி என்று கணக்கில் வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. தடுப்புமருந்தும் வேண்டும். ஆனால் ஹூஸ்டனும் வேலூரும் கண்டுபிடித்ததை இந்த மலையில் பாதி பலனோடு வாங்கிக்கொண்டு, மீதிக்குப் பிள்ளையின் தலைவிதியைக் காரணம் காட்டக் கூடாது.

இதற்கெல்லாம் கொழும்பு அசையும்வரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தோட்டத்து மருந்துக் காம்பராக்களிலும் பிள்ளைக்காம்பராக்களிலும் வேலை செய்கிறவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், இதை வாசிக்கிற வாலிபர்கள் இதைச் செய்யலாம். 'வயிற்றோட்டம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு விஷயம் எழுதுங்கள்: பிள்ளையின் வயது மாதத்தில், எந்த லயம், எந்தப் பீலித் தண்ணீர், முந்திய மூன்று நாளில் மழை பெய்ததா. வாந்தி முதலில் வந்ததா, காய்ச்சல் இருந்ததா என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது, நோரோவும் ரோட்டாவும் வந்துபோன தடம் அதில் ஓரளவு தெரியும். ஆறு மாதத்தில் எந்தக் குழாயடியில் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள் என்பது தானே எழுந்து நிற்கும். அதை எடுத்துக்கொண்டு பி.எச்.ஐ.யிடமும் சுகாதார வைத்திய அதிகாரியின் ஒஃபிசுக்கும் போனால், மலத்தை ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லிக் கேட்க ஓர் ஆதாரம் கையில் இருக்கும். சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, அடுத்த மழைக்கு முன்னால் கோடு போட்டு வையுங்கள்.